தோசைக்குப் போனவர் மகன்

என் சின்னம்மா மகனை நினைத்தால் எனக்கு வயிறு எரியும். எரிந்தது என்று எழுதலாம்தான், படிக்கிறவர்கள் என்னை நல்லவன் என்று நினைத்துக்கொள்வார்கள். ஆனால் அது பொய். போன வாரம்கூட அவன் அனுப்பிய ஒரு போட்டோவைப் பார்த்துவிட்டு ஃபோனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தேன். அதில் அவன் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. ஒரு மைதானத்தில், பச்சைப் பசேல் என்ற புல்லில் உட்கார்ந்து ஆரஞ்சுப்பழம் உரித்துக்கொண்டிருந்தான். அந்தப் புல்லைப் பார்த்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சின்னம்மா என்றால் என் அம்மாவின் தங்கை. சின்னப்பா திருப்பதியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து ஓட்டலில் தோசை மாஸ்டராக இருந்தார். நாங்கள் நாகலாபுரத்தில், ஆந்திராவுக்குள் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர். என் அப்பா குத்தகை நிலத்தில் வேர்க்கடலை போடுவார், நிலத்தில் வேலை இல்லாத நாட்களில் கூலிக்குப் போவார். எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம், அதனால் இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். பள்ளிக்கூட லீவு விட்டால் சின்னம்மா மகன் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான். என்னைவிட இரண்டு வயது சின்னவன். எங்கே போனாலும் பின்னாலேயே வருவான்.

சாயங்காலமானால் பள்ளிக்கூட மைதானத்தில் கால்பந்து ஆடுவோம். கிரிக்கெட்டுக்கு மட்டை, ஸ்டம்பு, பேடு என்று ஆயிரம் வேண்டும். இதற்கு ஒரு பந்து போதும், அதை டிரில் மாஸ்டர் ஸ்டோர் ரூமிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடுவார். மைதானம் முழுக்க நெருஞ்சி முள். வெறுங்காலில் ஓடுகிறவனுக்கு எந்த இடத்தில் முள் இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அதனால் எங்கள் ஊர்ப் பையன்கள் யாரும் பந்தை நேராக ஓட்டமாட்டார்கள். நெளிந்து நெளிந்துதான் போவார்கள். அதில் என்னை மிஞ்ச அந்த மண்டலத்திலேயே ஆள் கிடையாது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, அப்போது ஊரே சொன்னதுதான்.

சின்னம்மா மகனுக்கோ பந்தைக் கண்டாலே பயம். உயரத்தில் பந்து வந்தால் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு முதுகைக் காட்டி நிற்பான். எந்தப் பக்கமும் அவனைக் கேட்காது. அழுவானே என்று ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வோம். கோல் கம்பம் என்று நட்டு வைத்த குச்சிக்குப் பக்கத்தில் நின்று, பந்து வெளியே போனால் ஓடிப்போய் எடுத்து வருவான். அதில் அவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அப்புறம் ஒரு நாள் சின்னப்பாவுக்கு அதிர்ஷ்டம் அடித்தது. லண்டனில் ஓட்டல் வைத்திருந்த ஒருவர் மலைக்குச் சாமி கும்பிட வந்தார். இறங்கி வந்து இவர் ஊற்றிய தோசையைச் சாப்பிட்டார். இரண்டாவது தோசை கேட்டார். மூன்றாவதற்கு நேராகச் சமையல்கட்டுக்கே போய்விட்டார். நம் நாட்டுக் கதவெல்லாம் திறந்துவிட்டிருந்த காலம் அது. கம்ப்யூட்டர் படித்தவன் அமெரிக்காவுக்குப் போனான், படிக்காதவன் குவைத்துக்குப் போனான், தோசை ஊற்றத் தெரிந்தவன் லண்டனுக்குப் போனான். சின்னப்பா முதலில் தனியாகப் போனார், பிறகு பெண்டாட்டி பிள்ளையையும் கூட்டிக்கொண்டார். சென்னை விமான நிலையத்தில் வழியனுப்பும்போது என் அம்மா தங்கையைக் கட்டிக்கொண்டு அழுதாள். சின்னம்மா மகன் என் கையை விடவே இல்லை. அன்றைக்கு எனக்கு அவன்மேல் பொறாமை இல்லை, விமானத்தின்மேல்தான் கொஞ்சம் இருந்தது.

பொறாமை வந்தது அடுத்த வருஷம், புத்தூரில் ஒரு நெட் சென்டரில். சின்னம்மா போட்டோ அனுப்பியிருக்கிறாள் என்று அம்மாவும் நானும் பஸ் ஏறிப் போனோம். கடைக்காரன் திறந்து காட்டினான். மேலிருந்து மெதுவாக, வரி வரியாகப் படம் இறங்கியது. முதலில் வானம். பிறகு மரங்கள். பிறகு சின்னம்மா மகனின் தலை, கழுத்து, சிவப்பு பனியன், அதில் ஒரு முத்திரை. கடைசியாக பூட்ஸ் போட்ட கால்களும் அதற்கடியில் புல்லும். ஏதோ ஒரு கிளப்பில், சின்னப் பையன்களுக்கான அகாடமியில் அவனைச் சேர்த்துக்கொண்டார்களாம். பள்ளிக்கூடத்தில் எல்லாப் பையன்களும் ஆடினார்களாம், யாரோ வந்து பார்த்தார்களாம், எடுத்துக்கொண்டார்களாம்.

"கண்ண தொறந்துக்கினு ஆடறானாமா?" என்று கேட்டேன்.

அம்மா முறைத்தாள். "உன் தம்பிடா அவன். வாய்ல நல்லதே வராதா உனக்கு?"

வரவில்லை. அன்று பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஊர் வரும்வரை அந்தப் புல்லைப் பற்றியே நினைத்துக்கொண்டு வந்தேன்.

எனக்குப் பதினைந்து வயதானபோது சித்தூர் மாவட்ட அணியில் ஆடிக்கொண்டிருந்தேன். சித்தூருக்குப் போனால் தெலுங்குப் பையன்கள் என்னை அரவோடு என்பார்கள், தமிழ்க்காரன் என்று கேலி. கோல் போட்டால் தோளில் தூக்குவார்கள். அந்த நேரத்தில் சென்னையில் ஒரு முகாம் நடந்தது. இங்கிலாந்திலிருந்து ஒரு கிளப்பின் பயிற்சியாளர் வந்து பையன்களைப் பார்க்கப் போகிறார் என்று டிரில் மாஸ்டர் என் பெயரைக் கொடுத்தார். நைனாவும் நானும் ஊத்துக்கோட்டை வழியாகப் போனோம். நைனா ஒயர் கூடையில் புளிச்சோறு வைத்துக்கொண்டு வேலியோரம் நின்றார். யார் பக்கத்தில் வந்தாலும், "அதோ, எடது கால்ல அடிக்கிறானே, அது எங்க புள்ள" என்றார். கேட்காதவர்களிடமும் சொன்னார்.

மூன்றாம் நாள் அந்த வெள்ளைக்காரர் என்னைக் கூப்பிட்டார். முகாமை நடத்திய சென்னைக்காரர் நடுவில் நின்று தமிழில் சொன்னார். "நேரா போகாம இப்படி நெளிஞ்சு நெளிஞ்சு போறியே, யார் சொல்லிக்குடுத்தாங்கன்னு கேக்குறார்."

"முள்ளு சார்" என்றேன்.

அதைக் கேட்டு வெள்ளைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, இந்தப் பையன் எங்கள் அகாடமிக்கு வருவானா என்று கேட்டார். நைனா கூடையைக் கீழே வைத்துவிட்டார். நாங்கள் ஊர் திரும்புவதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. வேதநாராயண சாமி கோவில் வாசலில் அம்மா சூறைத் தேங்காய் உடைத்தாள். எனக்கு ஒரே ஒரு நினைப்புதான் இருந்தது. அந்தப் புல்லில் சின்னம்மா மகனுக்கு எதிரே நான் நிற்கப்போகிறேன், அவன் கண்ணை மூடிக்கொண்டு முதுகைக் காட்டப்போகிறான்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்கள். அடுத்த மாதம் முகாம்காரர் பையன்களையும் பெற்றவர்களையும் சென்னைக்கு வரச் சொன்னார். ஒரு கல்யாண மண்டபத்துப் பின்னறையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. பதினெட்டு வயது ஆகாத பிள்ளையை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக் கிளப்புக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது என்று உலகம் முழுவதற்கும் ஒரு சட்டம் இருக்கிறதாம். ஏழை நாடுகளில் புரோக்கர்கள் புகுந்து, உங்கள் பிள்ளையைப் பெரிய ஆட்டக்காரன் ஆக்குகிறேன் என்று கூட்டிப் போய், கிளப்பில் வேண்டாம் என்றதும் தெருவில் விட்டுவிட்டுப் போய்விடுகிறார்களாம். குளிரில், மொழி தெரியாத ஊரில், பிள்ளைகள் அநாதையாக நிற்கிறார்களாம். "சட்டம் உங்க பசங்களைக் காப்பாத்தத்தான்" என்றார் முகாம்காரர்.

அது நல்ல சட்டம்தான். இன்றைக்கு எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், இன்றைக்கு என்னைக் கேட்டால் நானும் அதற்குத்தான் கையெழுத்துப் போடுவேன். ஆனால் அன்றைக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவனை யாரும் தெருவில் விடவில்லை. அவனை வீட்டில் விட்டார்கள்.

சட்டத்தில் சில விதிவிலக்குகள் உண்டு என்று அவர் சொன்னார். ஐரோப்பிய நாட்டுப் பையன்கள் பதினாறு ஆனதும் தங்களுக்குள் போய்வரலாம். அது நமக்கு ஆகாது. பையனின் அப்பா அம்மா வேறு ஏதாவது காரணத்துக்காக, பந்துக்குச் சம்பந்தமே இல்லாத காரணத்துக்காக, அந்த நாட்டில் குடியேறியிருந்தால் அங்கே சேரலாம். இன்னொன்று, பையன் பார்டரிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள் குடியிருந்தால் பார்டருக்கு அந்தப் பக்கம் இருக்கிற கிளப்பில் ஆடலாம்.

இதைக் கேட்டதும் நைனாவின் முழங்கை என் விலாவில் இடித்தது. நான் திரும்பிப் பார்த்தேன். அவர் முகாம்காரரையே பார்த்துக்கொண்டு ஒன்றும் தெரியாதவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். கூட்டம் முடிந்து பஸ் ஏறி, பஸ் நகர்ந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"டேய், நாம பொயச்சிக்கினோம்டா. பார்டருன்னு சொன்னாரே, கேட்டியா? நம்ம ஊரு இன்னா? பார்டருதானே!"

"அப்ப அங்கியே கேட்டிருக்கலாமே நைனா?"

"உனுக்கு புத்தி கீதா? அத்தினி பேரு உக்காந்துக்கினு கீறாங்க. காதுல வுயுந்திச்சின்னா நாளைக்கே மூட்டய கட்டிக்கினு நம்ம ஊருக்கு வாடகைக்கு வந்துருவாங்க."

நீங்கள் சிரிக்கலாம். நான் சிரிக்கவில்லை, நம்பினேன். எங்கள் ஊரில் பார்டர் என்றால் ஒன்றுதான். பார்டர் தாண்டினால் சரக்கு விலை வேறு. பார்டர் தாண்டினால் பஸ்ஸில் எழுத்து வேறு, போலீஸ் தொப்பி வேறு, கள்ளச் சாராயம் பிடிபட்டால் ஜெயில் வேறு. என் அம்மா பிறந்த வீடு அந்தப் பக்கம், புகுந்த வீடு இந்தப் பக்கம். பார்டர் செக்போஸ்ட்டில் நிற்கிற லாரிகளைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். பார்டர் என்று ஒரு வெள்ளைக்காரன் சட்டம் எழுதினால், எங்களை மனதில் வைத்துத்தான் எழுதியிருக்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியது.

நைனா வேலைக்குப் போகாமல் மண்டல ஆபீசுக்கு, அதாவது தாலுகா ஆபீசுக்கு, அலைந்தார். நாங்கள் குடியிருப்பது எல்லையோர கிராமம்தான் என்று எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கேட்டார். அங்கே இருந்த அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "ஏமய்யா, பந்தி ஆடேதானிக்கி சரிஹத்து சர்டிபிகெட்டா?" என்று தெலுங்கில் சிரித்தார். பந்து ஆட எல்லைச் சான்றிதழா என்று. ஆனாலும் நல்ல மனுஷன், எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். நைனா அதை வேட்டி மடிப்பில் வைத்தால் கசங்கும் என்று ஒரு காலண்டர் அட்டைக்குள் வைத்து எடுத்துக்கொண்டு மறுபடியும் என்னோடு சென்னைக்கு வந்தார்.

முகாம்காரர் அதை வாங்கிப் பார்த்தார். தெலுங்கு தெரியாது, நான்தான் படித்துச் சொன்னேன். அவர் சிரித்திருந்தால் பரவாயில்லை. எழுந்து வெளியே போய் மூன்று டீ வாங்கி வந்தார்.

"ஐயா, அது நாட்டுக்கும் நாட்டுக்கும் நடுவுல இருக்கிற பார்டர். இது மாநிலத்துப் பார்டர்."

"செக்போஸ்ட்டு கீது சார்" என்றார் நைனா. "லாரிங்கள நிறுத்தி செக் பண்றாங்க சார்."

"தெரியுதுங்கய்யா."

"அப்ப இது பார்டர் இல்லியா?"

நைனா டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். ஆந்திராக்காரன் என்று தமிழ்நாட்டு அணியில் என்னை எடுக்கமாட்டார்கள், தமிழ்க்காரன் என்று ஆந்திராவில் கேலி செய்வார்கள். அதற்கெல்லாம் பார்டராக இருந்த பார்டர், உதவி என்று கேட்கப் போனால் பார்டரே இல்லையாம்.

அதற்குப் பிறகு மிச்சமிருந்தது ஒரு வழிதான். பந்துக்குச் சம்பந்தமில்லாத காரணத்துக்காகப் பெற்றவர்கள் அங்கே குடியேறுவது. சின்னம்மா மகன் எப்படிச் சேர்ந்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் அப்பா தோசைக்குப் போனார். தோசைக்குப் போனவர் மகன் பந்து ஆடலாம். பந்துக்காகப் போகிறவன் பந்து ஆடக் கூடாது. எத்தனை முறை திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தாலும் சட்டம் அதுதான். திறமை என்ற வார்த்தை அதில் எங்கேயும் இல்லை. தூங்கி எழுந்தால் அவன் முகம்தான் முதலில் வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, முதுகைக் காட்டிக்கொண்டு, அவ்வளவு பச்சைப் புல்லில் நிற்கிற முகம்.

அம்மா தங்கைக்கு ஃபோன் போட்டு அழுதாள். சின்னப்பா அங்கே முதலாளியிடம் பேசினார். இன்னொரு தோசை மாஸ்டர் தேவைதான், ஆனால் வேலை தெரிந்தவராக இருக்க வேண்டும் என்றாராம். அவ்வளவுதான், நைனா மண்வெட்டியைச் சாத்தி வைத்துவிட்டுத் திருப்பதிக்குப் புறப்பட்டார். சின்னப்பா வேலை செய்த அதே ஓட்டலில், அதே கல்லுக்கு முன்னால் நின்றார். நாற்பது வயதுக்கு மேல், அதுவரை வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் குடிக்காத மனிதர். ஆரம்பத்தில் அவர் ஊற்றிய தோசை ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாட்டின் படமாக வந்தது. மாவைக் கல்லில் பரப்பும்போது மண்ணை வாரிப் போடுகிற மாதிரி கையை வீசுவார். சமையல்கட்டில் இருந்தவர்கள் அவரை லண்டன் மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள். ஒருமுறை நான் பார்க்கப் போனபோது கை முழுக்க எண்ணெய் தெறித்த புள்ளி. என்னைக் கண்டதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

ஆனால் கற்றுக்கொண்டார். மழைக்காலம் முடிவதற்குள் காகிதம் மாதிரி தோசை ஊற்றினார். ஓட்டல்காரரும் மனமிரங்கி, நைனா இரண்டு வருஷமாகத் தன்னிடம் வேலை செய்கிறார் என்று ஒரு பொய்யை எழுதிக் கொடுத்தார். விசாவுக்கு நேரில் வரச் சொல்லி நாள் குறித்தார்கள். முந்தின வாரம் சின்னப்பா ஃபோனில் பாடம் நடத்தினார்.

"சகல, நல்லா கேட்டுக்கோ. பந்துன்ற வார்த்தயே உன் வாய்ல வரக்கூடாது. நீ தோசைக்கு வர்ற. தோசைக்கு மட்டும்தான் வர்ற."

வீட்டில் ஒத்திகை பார்த்தோம். அம்மா முக்காலியில் உட்கார்ந்து அதிகாரி ஆனாள். "எதுக்குய்யா போற?" என்று அதட்டுவாள். "தோசை ஊத்தம்மா" என்று நைனா கையைக் கட்டிக்கொண்டு சொல்வார். "வேற எதுக்கு?" "வேற எதுக்கும் இல்லம்மா." அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிடும். அந்த ஒரு வாரம் எங்கள் வீட்டில் இருந்த சந்தோஷம் அதற்கு முன்னும் பின்னும் இருந்ததில்லை.

சென்னையில் அந்த ஆபீசுக்கு எதிரே நடைபாதையில் அம்மாவும் நானும் காத்திருந்தோம். நைனா வெளியே வரும்போது முகமெல்லாம் சிரிப்பு. நல்லபடியாக நடந்தது என்றார். மாவு எப்படி அரைப்பாய் என்று கேட்டார்களாம், சொன்னாராம். குளிர் ஊரில் மாவு புளிக்காதே என்றார்களாம், அடுப்புப் பக்கத்தில் போர்த்தி வைப்பேன் என்றாராம். மொழிபெயர்த்துச் சொன்ன அம்மாள் ரொம்ப நல்ல மாதிரியாம்.

"கடைசியில இன்னா கேட்டாங்க?" என்றாள் அம்மா.

"புள்ளைங்க எத்தினின்னு கேட்டாங்க. ஒரு பையன்னு சொன்னேன். இன்னா பண்றான்னு கேட்டாங்க."

அம்மா நடப்பதை நிறுத்திவிட்டாள். "இன்னா சொன்ன?"

"பந்து ஆடறாம்மா, எங்க ஜில்லாவுலயே அவன மாதிரி ஆள் கெடயாதுன்னேன். வெள்ளக்கார மாஸ்டரே வந்து கேட்டாரு, நான் அங்க வந்துட்டா அவன சேத்துக்குவாங்கன்னேன். அந்தம்மா சிரிச்சிச்சி. அங்க இருந்த வெள்ளக்கார ஆபீசரும் எயுதிக்கினாரு."

அம்மா அப்படியே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டாள். நைனாவுக்கு அப்போதும் புரியவில்லை. நான்தான் கத்தினேன், நடுரோட்டில், எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி. சொல்லிச் சொல்லி அனுப்பினோமே, ஒரு வார்த்தையை அடக்க முடியவில்லையா என்று.

"எதுக்கு வர்றன்னு கேட்டப்ப தோசைக்குன்னுதான்டா சொன்னேன். இது உன்னப் பத்தி கேட்டாங்க. உன்னப் பத்தி கேட்டா நான் எப்படிடா சும்மா இருக்கறது?"

வேலைக்காகத்தான் இவர் வருகிறார் என்று நம்பமுடியவில்லை என்று பதில் வந்தது. நான் நைனாவோடு பல நாள் பேசவில்லை. என் கோபத்தில் நியாயம் இருந்தது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அவர் அதற்காக வருத்தப்பட்டுக்கொண்டு உட்காரவும் இல்லை. நாகலாபுரம் பஸ் ஸ்டாண்டு ஓரமாகத் தள்ளுவண்டி போட்டார். லண்டனுக்குப் போகவேண்டிய தோசையை ஊர்க்காரர்கள் தின்றார்கள். வேர்க்கடலையைவிட நல்ல வரும்படி.

எனக்குப் பதினெட்டு வயதானது. சட்டம் விலகி வழிவிட்டது. நான் முகாம்காரருக்கு ஃபோன் போட்டேன், அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை. வெள்ளைக்காரர் வேறு கிளப்புக்குப் போய்விட்டார் என்று சின்னப்பா விசாரித்துச் சொன்னார். மூன்று வருஷத்தில் நான் ஆடிய ஆட்டமெல்லாம் அதே முள்ளில், அதே பையன்களோடுதான். பதினைந்து வயதுப் பையனிடம் அவர் எதைப் பார்த்தாரோ, அது பதினெட்டு வயதுக்காரனிடம் இருந்ததா என்று பார்க்கக்கூட யாரும் வரவில்லை. அந்தச் சமயத்தில் சத்தியவேடு பக்கம் வெளிநாட்டுக் கம்பெனிகள் வரிசையாக வந்து இறங்கின. அவர்கள் எங்கள் பார்டருக்கு வர எந்தச் சட்டமும் தடை சொல்லவில்லை. அதில் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்தது. காருக்கு ஒரு ரப்பர் வளையம் செய்வோம். செய்து முடித்த வளையத்தைப் பெட்டியில் போட்டு வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள்.

இதற்கு நடுவில் சின்னம்மா மகனை அகாடமியிலிருந்து விலக்கிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். நான் நைனாவின் வண்டிக்குப் போய், "இன்னும் ரெண்டு போடு நைனா" என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். பல வருஷத்தில் அன்றைக்குத்தான் நன்றாகப் பசித்தது.

அவனுக்கு இருபது வயதானபோது குடும்பத்தோடு மலைக்கு மொட்டை போட வந்தார்கள். அப்படியே நாகலாபுரம் வந்தார்கள். நெடுநெடு என்று வளர்ந்திருந்தான். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு, "ண்ணா" என்று ஓடிவந்து கட்டிக்கொண்டான். அங்கே ஏதோ ஒரு கிடங்கில் சாமான் அடுக்குகிற வேலையாம். ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மா ஆடுவானாம். எங்கள் கம்பெனி டீமுக்கும் ஊர்ப் பையன்களுக்கும் மறுநாள் ஒரு மேட்ச் இருந்தது. "நீயும் வாடா, ஊர்ப் பசங்களோட ஆடு" என்றேன். நல்ல எண்ணத்தில் சொல்லவில்லை. ஊரைக் கூட்டி வைத்து அவன் முதுகைத் திருப்புவதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

நைனா வண்டியை மூடிவிட்டு வந்து வேலியோரம் நின்றார். எங்கள் டீமில் நான் நடுவில். முதல் பந்து அவனுக்கு உயரமாகப் போனது. நான் ஓடினேன். அவன் கண்ணை மூடவில்லை. பந்து வருவதற்கு முன்பே தலையைத் திருப்பி, நான் எங்கே வருகிறேன், அவன் ஆட்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டான். நெஞ்சில் வாங்கினான். நான் போய்ச் சேர்ந்தபோது பந்து அங்கே இல்லை. அடுத்த முறை பந்து என்னிடம் இருந்தது. நெளிந்தேன், என் ஊர் நெளிவு, மாவட்டமே பார்த்து வாயைப் பிளந்த நெளிவு. அவன் அசையாமல் நின்றான். நான் எங்கே போய் முடிப்பேன் என்று எனக்கு முன்னால் தெரிந்தவன் மாதிரி அங்கே காலை நீட்டினான். நானே எடுத்துக் கொடுத்தது போலப் பந்து அவனிடம் போனது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். மைதானம் சரியில்லை, நேற்று ஷிஃப்ட் பார்த்த களைப்பு என்று நானும் என்னென்னவோ நினைத்துப் பார்த்தேன். ஒன்றும் நிற்கவில்லை. அவன் கஷ்டப்பட்டு ஆடவே இல்லை. அவன் பக்கத்துச் சின்னப் பையன்கள்கூட அன்றைக்கு நன்றாக ஆடினார்கள், பந்து அவர்கள் காலுக்கு அப்படி வந்தது. ஆரம்பத்தில் வேலியோரம் நைனாவின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது, "எடது கால்ல அடிடா, எடது கால்ல!" என்று. நடுவில் அது நின்றுவிட்டது. பிறகு கைதட்டல் கேட்டது. திரும்பிப் பார்த்தேன், நைனாதான். பந்து சின்னம்மா மகன் காலில் இருந்தது. "இன்னாமா ஆடறான்டா இந்தப் பய!" என்று பக்கத்தில் இருந்தவர் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் எல்லோரும் வீட்டில் உட்கார்ந்து கோழிக் குழம்பு சாப்பிட்டோம். எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"இவ்ளோ ஆடறியே, ஏன்டா உன்ன வெளிய அனுப்சிட்டாங்க?"

அவன் தமிழ் கொஞ்சம் துருப்பிடித்திருந்தது. வார்த்தை தேடித் தேடிச் சொன்னான். ஒரு ரூமுக்குள் அவனையும் சின்னப்பாவையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்களாம். அவன் ஆடியதையெல்லாம் டி.வி.யில் போட்டுக் காட்டினார்களாம். இங்கே நன்றாகச் செய்தாய், இங்கே நேரமானது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்களாம். கடைசியில் ஒருவர் அவனை நேராகப் பார்த்து, நீ நல்ல ஆட்டக்காரன், ஆனால் எங்களுக்குப் போதாது என்றாராம். திரும்பி வரும்போது காரில் வழியெல்லாம் அழுதானாம். சொல்லும்போதும் அவன் கண் கலங்கியது. சின்னம்மா அவன் மொட்டைத் தலையைத் தடவிவிட்டாள்.

"நீ வந்திருந்தா உன்ன அனுப்சிருக்க மாட்டாங்கண்ணா" என்றான் என்னைப் பார்த்து. "நீ என்ன விட சூப்பரா ஆடுவ."

இந்த வார்த்தையை யாராவது சொல்லமாட்டார்களா என்று எத்தனையோ வருஷம் காத்திருந்தேன். இப்போது சொன்னவன் அன்பாகச் சொன்னான், எடைபோட்டுச் சொல்லவில்லை. நான் நைனாவைப் பார்த்தேன். விசா ஆபீசில் சும்மா இருக்க முடியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு வந்த மனிதர் இல்லையா, ஆமாம்டா என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன். அவர் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"அதெல்லாம் யாருக்குத் தெரியும்?" என்றார். கோபமில்லை, கேலியும் இல்லை. உண்மையாகவே தெரியாமல்தான் சொன்னார்.

அவனுக்குத் தெரியும், தான் எவ்வளவு என்று. உட்காரவைத்து, படம் போட்டுக் காட்டி, முகத்தைப் பார்த்துச் சொல்லி அனுப்பினார்கள். என்னை யாரும் போதாது என்று சொல்லவில்லை. போதும் என்றும் சொல்லவில்லை. வாசலிலேயே நிறுத்திவைத்து, வயது ஏறியதும் வாசலையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவனுடைய புல்லுக்கும் பூட்சுக்கும் நான் பட்ட பொறாமை அந்தச் சாப்பாட்டில் உட்கார்ந்திருந்தபோது சின்னதாகிப் போனது. அவன் இலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொள்கிற அவனைப் பார்த்துக்கொண்டே, அந்த ரூமில் அவன் உட்கார்ந்த நாற்காலிக்காகப் பொறாமைப்பட்டேன்.